தணிக்கை அறிக்கை யார் கையில்?

(கல்லாறு கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள இந்தக் கல்லாற்றில் பல்கலைக்கழகங்களின் வரவு செலவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தோட்டத் தொழிலாளியின் மகளும் காணிக் குடியிருப்பின் இளைஞனும் இங்கிருந்து உயர்கல்விக்குச் செல்ல வேண்டுமானால், அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு அரசுக் கல்லூரியும் காரியவட்டம் வளாகமும்தான். ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் கணக்கு தடுமாறும்போது முதலில் உயர்வது கட்டணம். முதலில் தாமதமாவது உதவித்தொகை. முதலில் படிப்பைக் கைவிடுவது இத்தகைய பிள்ளைகள். ஆகவே ஆண்டுத் தணிக்கை என்பது கணக்கருக்கு மட்டும் உரிய பொருளன்று.

அண்மைக் காலத்தின் ஒரு நிகழ்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. 2017-18 முதல் 2020-21 வரையிலான நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 424 கோடி ரூபாய் வரி செலுத்த வேண்டும் என்பது அத்துறையின் கோரிக்கை. இலாப நோக்கமற்ற ஒரு பொதுப் பல்கலைக்கழகம் எவ்வாறு வரி பாக்கிதாரர் ஆயிற்று?

வருமான வரிச் சட்டப்படி, முழுமையாகவோ கணிசமாகவோ அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. ‘கணிசமாக’ என்ற சொல்லுக்கு 2014இல் விதியொன்று வரம்பு கட்டியது: ஓர் ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த மானியம் அந்த வரம்புக்குக் கீழே இறங்கியது. இறங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய ஆட்சேபனைகளைச் சுட்டி மாநில அரசு மானியத்தைக் குறைத்து வந்ததாகும்.

இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பார்க்க வேண்டும். தணிக்கையில் ஆட்சேபனை எழுகிறது. ஆட்சேபனையைக் காட்டி மானியம் குறைகிறது. மானியம் குறைந்ததால் ‘இது அரசுப் பல்கலைக்கழகமே அல்ல’ என்று வரித் துறை கருதுகிறது. வரி விதிக்கப்படுகிறது, கணக்குகள் முடங்குகின்றன, ஊதியமும் ஓய்வூதியமும் கேள்விக்குறியாகின்றன. தவறான செலவுக்கு ஒப்புதல் அளித்தவர் யாராயினும், தண்டனை வந்து சேர்வது தூய்மைப் பணியாளருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும்தான். குற்றத்துக்குப் பொறுப்பானவரிடமிருந்து தொகையை மீட்பதே தணிக்கையின் நோக்கம். நிறுவனத்தின் மானியத்தை வெட்டுவது அந்த நோக்கத்தையே தலைகீழாக்குகிறது.

அதே வேளையில் ஆட்சேபனைகள் அனைத்தும் பழிவாங்கல் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் அதற்குச் சான்று. தொலைதூரக் கல்விக் கட்டணம் பெருகிய காலத்தில் அந்த வருவாயை நம்பித் தேவைக்கு மீறிய நியமனங்கள் நடந்தன. நிதி நெருக்கடி முற்றி ஊதியம் வழங்க இயலாத நிலை வந்தபோது, 2013இல் தனிச் சட்டம் இயற்றித் தமிழ்நாடு அரசு அதைத் தன் பொறுப்பில் ஏற்றது. உபரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் பிற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டனர். ஆண்டுதோறும் கணக்கு பொதுவெளியில் விவாதிக்கப்பட்டிருந்தால், நோய் இவ்வளவு முற்றும்வரை மறைந்திருக்க முடியுமா?

பின்னர் தொலைதூரக் கல்வியின் எல்லையைப் பல்கலைக்கழக மானியக் குழு சுருக்கியபோது, அந்த வருவாயைச் சார்ந்திருந்த பிற பல்கலைக்கழகங்களும் தள்ளாடின. அரசு கை விலகும். நிறுவனம் கட்டணத்தின் மீது சாயும். கட்டண வருவாய் சரிந்ததும் ‘நிர்வாகத் திறமையின்மை’ என்ற பட்டம் கிடைக்கும். நவதாராளமயம் பொதுக் கல்வியைக் கையாளும் வழி இதுவே.

ஒன்றிய அரசின் பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டிக் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஊதியம் திருத்தப்பட்டபோது, 2016 ஜனவரி முதல் 2019 மார்ச் வரை கூடுதல் செலவில் பாதியை ஒன்றிய அரசு ஏற்பதாக அறிவித்தது. கேரளம் தன் ஆசிரியர்களுக்குத் திருத்திய ஊதியத்தை வழங்கியது. ஆனால் உரிய காலத்துக்குள் முறையான கருத்துரு வரவில்லை என்று கூறி, சுமார் 750 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தர மறுத்தது. இன்னொரு புறம், மானியத்துக்குப் பதில் கடன் என்ற ஏற்பாட்டுக்காக 2017இல் உயர்கல்வி நிதியளிப்பு முகமை உருவாக்கப்பட்டது. தேச வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்ற 1966ஆம் ஆண்டின் கோத்தாரி குழுப் பரிந்துரை, 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலும் இலக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. இலக்கு எழுத்தில் நிற்க, கடன் மட்டும் கைக்கு வருகிறது.

இங்கே தோழர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்தின் தணிக்கை அறிக்கையை மேடையில் விரித்துக் காட்டுவதும், இடதுசாரிகள் பொறுப்பில் இருக்கும் அவையின் அறிக்கையை மேசைக்குள் வைத்துப் பூட்டுவதும் ஒரே கட்சிக்கு அழகாகுமா? ஆட்சி யாருடையது என்பதைப் பொறுத்துத் தணிக்கைப் பத்தியின் உண்மை மாறுவதில்லை. மறைக்கப்படும் சிறு முறைகேடு, நாளை பொதுக் கல்வியையே தாக்க வருபவனுக்குக் கருங்கல்லாகப் பயன்படும்.

கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட் அவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். அத்தகைய அவையில் ஆண்டுக் கணக்கு வைக்கப்படும்போது, மூன்று கேள்விகளையாவது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் எழுப்ப வேண்டும். மொத்தச் செலவில் அரசு மானியத்தின் பங்கு கடந்த ஆண்டைவிட உயர்ந்ததா, தாழ்ந்ததா? தீர்க்கப்படாத ஆட்சேபனைகள் எத்தனை, அவை எத்தனை ஆண்டுப் பழையவை, பொறுப்பானவரிடமிருந்து மீட்கப்பட்ட தொகை எவ்வளவு? வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், அறக்கட்டளை ஆகியவற்றுக்கு உரிய பணம் அன்றாடச் செலவுக்குத் திருப்பப்பட்டதா?

முதல் கேள்வி அரசை நோக்கியது. இரண்டாவது நிர்வாகத்தை நோக்கியது. மூன்றாவது ஊழியரின் சேமிப்பைக் காப்பது. மூன்றையும் சேர்த்துக் கேட்கும் உறுதி இருந்தால்தான், ‘மானியத்தை வெட்டாதே’ என்ற முழக்கத்தை மக்கள் நம்புவார்கள்.

இந்தக் கல்லாற்றில் குளிக்க இறங்குவோர் அறிவார்கள்: இங்கே வானம் தெளிந்திருக்கும், மேலே மலையில் பெய்த மழை சிறிது நேரத்தில் பாறைகளை மூழ்கடித்து வரும். மேலே என்ன பெய்கிறது என்று முன்கூட்டிச் சொல்லும் ஏடே தணிக்கை அறிக்கை. அதைப் படிக்கும் பழக்கம் ஒவ்வொரு கிளையிலும் தொடங்கட்டும்.