தாட்சர் நல்லவரா, கெட்டவரா? எந்த வீட்டில் கேட்கிறீர்கள்?

ஒருவர் இறந்துவிட்டால், அவரைப் பிடிக்காதவர்கள்கூட அன்று ஒருநாள் வாய் திறக்க மாட்டார்கள். நம் வழக்கம் அது. ஆனால், 2013 ஏப்ரல் 8ஆம் தேதி பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலமானபோது நடந்ததே வேறு. ஏப்ரல் 17இல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இறுதிச் சடங்கு. சாலையோரம் நின்ற கூட்டம் கைதட்டி வழியனுப்பியது. அதே நாளில் தெற்கு யார்க்‌ஷயரில் உள்ள கோல்ட்தோர்ப் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் அவருடைய கொடும்பாவி எரிக்கப்பட்டது.

இரண்டு இடத்திலும் நின்றவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள்தான். ஏன் இந்த வேறுபாடு?

கைதட்டியவர்களுக்கு 1979ஆம் ஆண்டின் குளிர்காலம் நினைவிருக்கும். தொழிற்கட்சி ஆட்சியில் வேலைநிறுத்தத்திற்கு மேல் வேலைநிறுத்தம். லண்டன் நகர நடுவிலேயே குப்பை மலையாகக் குவிந்தது. லிவர்பூலில் சவக்குழி தோண்டுபவர்களும் வேலையை நிறுத்தினார்கள். யாராவது வந்து இதை நிறுத்தமாட்டார்களா என்று ஏங்கியவர்களுக்குத் தாட்சர் ஒரு விடிவு.

அடுத்தது வீடு. 1980ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சி வீட்டில் மூன்றாண்டு வாடகைக்கு இருந்தவர் அதைச் சொந்தமாக வாங்கலாம் என்றது. விலையில் 33 விழுக்காடு கழிவு. நெடுநாள் குடியிருந்தவருக்கு 50 விழுக்காடு வரை. பத்தே ஆண்டில் 10 லட்சத்திற்கும் அதிகமான வீடுகள் விற்பனையாகின. வாழ்நாள் முழுவதும் வாடகை கட்டிய ஒரு தொழிலாளி, முதல்முறையாகத் தன் வீட்டுக் கதவுக்குத் தனக்குப் பிடித்த வண்ணம் அடிக்கிறார். அவரிடம் போய்த் தாட்சரைக் குறை சொல்லிப் பாருங்கள்!

சுரங்கக் கிராமங்களின் கதை வேறு. 1984 மார்ச்சில், 20 சுரங்கங்கள் மூடப்படும், சுமார் 20,000 பேருக்கு வேலை போகும் என்ற அறிவிப்பு வந்தது. தொழிலாளர்கள் ஓராண்டு போராடிவிட்டு, 1985 மார்ச்சில் வெறுங்கையோடு திரும்பினார்கள். சுரங்கம் மூடியபோது ஊதியம் மட்டும் போகவில்லை. கடை, கூடுமிடம், மகனுக்கு உறுதியாக இருந்த வேலை எல்லாமே சேர்ந்து போயின. இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாட்டிங்காம்‌ஷயரில் ஏராளமான சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தாமல் எங்களை எப்படி வெளியேறச் சொல்வீர்கள் என்பது அவர்கள் வாதம். இதனால் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஆகவே, தொழிலாளி என்றால் இந்தப் பக்கம், முதலாளி என்றால் அந்தப் பக்கம் என்று எளிதாகக் கோடு போட முடியாது.

மலேசியர்களுக்கும் தாட்சர் அந்நியர் அல்லர். அவரது அரசு வெளிநாட்டு மாணவர்களின் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஏற்றியபோது, பிள்ளையை லண்டனுக்கு அனுப்பிய பெற்றோர் திண்டாடினர். 1981இல் டாக்டர் மகாதீர், பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்று அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சுரங்கக்காரர்கள் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சியைக் காலமெல்லாம் வெறுத்தார்களா? டார்பி‌ஷயரில் உள்ள போல்சோவர் தொகுதியைப் பாருங்கள். 1950இல் உருவானது முதல் தொழிற்கட்சியின் கோட்டை. முன்னாள் சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னர் 1970இலிருந்து அதன் நாடாளுமன்ற உறுப்பினர். 2019இல் அதே தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்து கன்சர்வேட்டிவ் கட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். தாட்சரை மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் விவகாரம் அன்று அவர்களுக்குப் பெரிதாகப்பட்டது. 2024இல் தொகுதி மீண்டும் தொழிற்கட்சியிடம் வந்தது.

வீடு வாங்கியவர்களின் கதையும் அங்கேயே முடியவில்லை. விற்ற பணம் முழுவதையும் புதிய வீடு கட்டச் செலவிட நகராட்சிகளுக்கு அனுமதி தரப்படவில்லை. வாடகை வீடுகள் அருகிப்போயின. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அந்த விற்பனையையே நிறுத்திவிட்டன. விற்ற வீடுகள் பல கைமாறி, தனியாரின் வாடகை வீடுகளாகிவிட்டன. தாத்தா மலிவாக வாங்கியது போன்ற ஒரு வீட்டில், பேரன் இன்று இரு மடங்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கக்கூடும். தாட்சரைப் பற்றி அந்த இருவரும் ஒரே மேசையில் பேச உட்கார்ந்தால், சாப்பாடு ஆறிப்போய்விடும்.