பிள்ளைகளின் காதைக் காப்போம்



பிள்ளைக்குத் தவறாமல் தடுப்பூசி போடுகிறோம். எடை பார்க்கிறோம். காதைப் பற்றி எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் திருவாரூர்ப் பக்கத்தில் சம்பா அறுவடை முடிகிற சமயத்தில் பள்ளிகளில் ஆண்டு விழா வரும். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி. சின்னப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்போம். "சத்தமா இருந்தாத்தானே விழா களை கட்டும்" என்பீர்கள். களை கட்டட்டும். பிள்ளையின் காது கெடாமல் களை கட்டட்டும்.

காதின் உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காற்றில் சாய்ந்த பயிர் நிமிர்வது போல, சத்தத்தில் களைத்த செல்கள் பெரும்பாலும் தேறிவிடும். அடி திரும்பத் திரும்ப விழுந்தால் மடிந்துவிடும். காதருகே வெடிக்கும் பட்டாசு என்றால் ஒரே தடவை போதும். வயலில் நாற்று அழுகினால் மறுநடவு செய்யலாம். இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

சத்தத்தை டெசிபல் என்று அளக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். 100 என்றால் சுமார் 20 நிமிடம். அதற்குள் விழா முடியாது, அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்!

விழா முடிந்து வந்த பிள்ளை "காதுல ரீங்னு கேக்குதும்மா" என்றால் அலட்சியம் வேண்டாம். அது காது படுகிற பாடு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை, வகுப்பில் பின்தங்கும் பிள்ளையை, "கவனம் இல்லை" என்று அடிக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பிள்ளைகளைப் பெட்டிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். கைக்குழந்தைக்காரரும் கர்ப்பிணிகளும் தள்ளியே இருங்கள்.

2. பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். மைக் செட்காரரிடம் குறைக்கச் சொல்லுங்கள்.

3. நடுநடுவே பிள்ளையை வெளியே அழைத்துப் போய்க் காதுக்கு ஓய்வு கொடுங்கள். பஞ்சு வைத்தால் போதாது.

4. காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். இரைச்சல் மறுநாளும் நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தேவைப்பட்டால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே வாருங்கள்.

5. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், விழாவுக்கு முன்பே, கணவனும் மனைவியுமாகப் போய்ச் சொல்லுங்கள். "நாம சொன்னா கேப்பாங்களா?" என்று தயங்காதீர்கள். சட்டம் உங்கள் பக்கம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் வைக்கக் கூடாது.

கேள்வி என்று தனி அதிகாரமே எழுதினார் வள்ளுவர். காது நன்றாக இருந்தால்தான் பாடம் ஏறும், பேச்சு வளரும், பிழைப்பும் அமையும். விழா ஒரு நாள். காது ஆயுள் முழுக்க.