எரியாத சிவப்பு

எட்டாம் வகுப்பில் அர்டுயினோ ஊனோவின் 9, 10, 11 ஆம் முனைகளில், ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் மின்தடை வைத்து, மூவண்ண எல்.இ.டி.யை இணைத்தோம். நீளமான கால் கிரவுண்டில். சிவப்புக்கு 255, பச்சைக்கும் நீலத்துக்கும் 0 என்று ஒரு மாணவி நிரல் எழுதினாள். எதுவுமே எரியவில்லை. "நிரல் தப்பும்மா" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

அவள் நீளமான காலை 5 வோல்ட்டுக்கு மாற்றினாள். நீலப்பச்சை எரிந்தது! எண்களைத் தலைகீழாக்கி 0, 255, 255 என்று கொடுத்தாள். சிவப்பு வந்தது. அது பொது நேர்முனை எல்.இ.டி.; அதில் எண் கூடக்கூட ஒளி குறையும். பார்க்காமல் வாங்கி வந்தவன் நான்தான். அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

"மத்த எல்.இ.டி.யும் இப்படித்தானா சார்?" என்றாள். ஒவ்வொன்றாகச் சோதிக்க உட்கார்ந்தோம்.