உழக்கு மிஞ்ச ஒரு கணக்கு

(உடுமலைப்பேட்டை வட்டார உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. கணக்கே பார்க்க வேண்டாம் என்பதற்கு இதைச் சிலர் சாக்காகச் சொல்லுகிறார்கள். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். கணக்குப் பாராமல் உழுததால்தான் அந்த உழக்கும் கைநழுவிப் போயிற்று.

ஒரு பைசாவின் அருமையை இந்தக் கொங்கு மண்ணுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டில் கோவை மாவட்ட உழவர்கள் போராடினார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் உயிர் நீத்தார்கள். ஒரு பைசாவுக்காக உயிரைக் கொடுத்த பகுதியில், இன்று நமக்குத் தெரியாமலே ரூபாய்கள் கசிந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கசிவுகளை அடைக்கும் சில எளிய வழிகளை இங்கு கூற விரும்புகிறேன். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முதலீடு எதுவும் தேவையில்லை.

வட்டியே முதல் கசிவு

நம் வீட்டுச் செலவுகளில் கண்ணுக்குத் தெரியாத செலவு வட்டிதான். “நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி” என்று கேட்கும்போது குறைவாகவே தோன்றும். அது மாத வட்டி. ஆண்டுக்கு 24 சதம் ஆகிறது. 50,000 ரூபாய் வாங்கினால் ஓராண்டில் 12,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும்.

கடையில் கடனுக்கு வாங்கும் உரத்திலும் மருந்திலும் வட்டி மறைந்திருக்கக் கூடும். ரொக்கத்துக்கு 1,000 ரூபாயாக உள்ள பொருளை, “மூன்று மாதம் கழித்து 1,080 கொடுங்கள்” என்று தருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 8 சதம் என்றால் ஆண்டுக்கு 32 சதம். ஆகவே எந்தக் கடையிலும் முதலில் ரொக்க விலையைக் கேளுங்கள். பிறகு கடன் விலையைக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கொடுக்கும் வட்டி.

இதற்கு மாற்று நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி கிடையாது. ஆனால் தவணை நாள் கடந்துவிட்டால் அந்தச் சலுகையும் கைவிட்டுப் போகும். எனவே கடன் வாங்கிய அன்றே தவணை நாளைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு வட்டம் போடுங்கள். இரண்டு வட்டங்கள் போட ஆகும் செலவு ஒன்றுமில்லை. மிச்சமாவதோ ஒரு பருவத்து வட்டி. நகை அடகு வைத்திருப்பவர்களும் மீட்கும் நாளை இதே போல் குறித்து வைக்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

உடுமலை வட்டாரத்தில் தென்னை இல்லாத தோட்டம் குறைவு. காய்க்கும் நெட்டைத் தென்னை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுஉரத்துடன் யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்று பரிந்துரைக்கப்படுகிறது. இரசாயன உரங்களை இரண்டாகப் பிரித்து இரு முறை இட வேண்டும். அப்படியானால் ஒரு முறைக்கு யூரியா 650 கிராம், மற்றவை ஒவ்வொரு கிலோ.

கையால் அள்ளிப் போடும்போது மரத்துக்கு 200 கிராம் யூரியா கூடுதலாக விழுவது எளிது. ஏக்கருக்கு 70 மரம், இரண்டு தடவை என்று பெருக்கிப் பாருங்கள். 28 கிலோ வருகிறது. 45 கிலோ மூட்டையில் பாதிக்கும் மேல் இது. இதைத் தவிர்க்க ஒரு பழைய தகர டப்பா போதும். ஒவ்வோர் உரத்தையும் ஒருமுறை தராசில் நிறுத்து டப்பாவில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் ஆணியால் கோடு கீறிக்கொள்ளுங்கள். யூரியாவுக்கு ஒரு கோடு, பொட்டாஷுக்கு ஒரு கோடு. பிறகு யார் உரமிட்டாலும் அளவு மாறாது.

மண் பரிசோதனை செய்துகொண்டால் இந்த அளவிலும் குறைக்கக் கூடியது எது என்று தெரிந்துவிடும். மணிச்சத்து போதிய அளவில் உள்ள மண்ணில் மீண்டும் மீண்டும் டி.ஏ.பி. போடுவது பணத்தை மண்ணில் புதைப்பதற்கு ஒப்பாகும்.

தோப்பில் கிடக்கும் பணம்

உரித்த மட்டையைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கோடையில் தண்ணீர் இல்லை என்று வருந்துகிறோம். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் சுமார் 100 மட்டைகளை, குவிந்த பக்கம் மேலே இருக்குமாறு பரப்பி வையுங்கள். ஈரம் காக்கும், களை குறையும். களை எடுக்கும் கூலியும் மிச்சம். காய்ந்த ஓலையையும் இதே போல் மூடாக்காக இடலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. நம் முறை வரும்வரை மரத்தைத் தாங்க வைப்பது இந்த மூடாக்குத்தான்.

வேப்பங்கொட்டையையும் வீணாக்க வேண்டாம். வேலியோரத்து மரங்களின் கீழ் விழும் பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். 10 கிலோ பருப்பை இடித்து ஓரிரவு நீரில் ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராகப் பெருக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் அது 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல். பூச்சி தோன்றும் தொடக்கத்திலேயே மாலை வேளையில் தெளித்தால் கடை மருந்து வாங்கும் தடவைகள் குறையும்.

விதையில் ஒரு சோதனை

போன ஆண்டு எடுத்து வைத்த உளுந்தோ, தட்டைப்பயறோ முளைக்குமா என்று விதைத்துவிட்டுப் பார்ப்பது செலவு பிடித்த சோதனை. விதைப்புக்குப் பத்து நாள் முன்பே 100 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் நீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணுங்கள். பயறு வகைகளுக்கு 75க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். குறைந்தால் அந்த விதையை மாற்றிவிடுங்கள். உழவுக் கூலியும் பருவமும் தப்பும்.

மின்சாரமும் தண்ணீரும்

பாசன மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லை. ஆனால் காயில் எரிந்தால் கட்டும் கூலி நம் தலையில்தான். தேய்ந்த ஃபுட் வால்வு, ஒழுகும் குழாய் இணைப்பு, தேவைக்கு மேற்பட்ட வளைவுகள் ஆகியவை மோட்டாரை வீணாக ஓடவைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைச் சரிபார்த்தால் அதே தண்ணீர் குறைந்த நேரத்தில் வந்துசேரும்.

வீட்டில் நிலைமை வேறு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016இல் வந்தது. இலவச அளவுக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு. மாட்டுக் கொட்டகையிலும் களத்திலும் இன்னும் 60 வாட் குண்டு பல்பு எரிகிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் ஒரு பல்புக்குச் சுமார் 12 யூனிட் மிச்சம். நான்கு பல்புக்கு ஏறக்குறைய 49 யூனிட்.

தாய்மார்களுக்கு

கொள்ளையும் பருப்பையும் முன்னதாக ஊறவைத்து வேகவைத்தால் எரிவாயு மிச்சமாகும். கொதி வந்தபின் தீயைத் தணித்துவிடுங்கள். கொதிக்கும் நீர் அதற்கு மேல் சூடாவதில்லை, கூடுதல் தீ ஆவியாகத்தான் போகும். நான்கைந்து மாடு உள்ள வீடுகளில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் அமைக்கலாம். நாளுக்கு 50 கிலோ சாணம் போதும். எரிவாயு போக, வெளிவரும் சாணக் கரைசல் தோட்டத்துக்கு நல்ல உரம்.

துவரையை அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொத்தமாக வாங்கி, நம் பாட்டிமார் செய்தது போல் செம்மண் கட்டிக் காயவைத்து வையுங்கள். வண்டு அண்டாது. தேங்காயைக் கொப்பரையாக்கி நாமே செக்கில் கொடுத்து ஆட்டினால் எண்ணெயும் வரும், மாட்டுக்குப் புண்ணாக்கும் வரும்.

விற்கப் போகும்போது

வாங்குவதில் சேமிப்பது பாதி. விற்பதில் இழக்காமலிருப்பது மறுபாதி. மக்காச்சோளத்தில் ஈரம் மிகுந்தால் விலையைக் குறைப்பார்கள். ஈரத்தை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி மக்காச்சோளத்தையும் ஒரு கரண்டி நன்கு உலர்ந்த தூள் உப்பையும் போட்டு மூடிச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதத்துக்கு மேல் உள்ளது, இன்னும் காயவேண்டும். ஒட்டாவிட்டால் விற்பனைக்குக் கொண்டு போகலாம். நெடுநாள் சேமிப்பதற்கு 12 சதம்வரை உலர்த்த வேண்டும். அரசு ஆதரவு விலையில் கொள்முதல் செய்யும் அரவைக் கொப்பரையில் ஈரம் 6 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

விலை இறங்கியிருக்கும் நேரத்தில் அவசரப் பணத்துக்காக விற்க வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கிடங்கில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதம்வரை பொருளீட்டுக் கடன் பெறும் வசதி உண்டு. காய்கறியை உழவர் சந்தையில் நேரே விற்றால் தரகு இல்லை. 1999இல் தொடங்கிய இத்திட்டம் உங்களுக்காகவே உள்ளது. டவுனுக்குப் போகும் வேலைகளை ஒரு சீட்டில் எழுதி, உரம், வங்கி, சந்தை மூன்றையும் ஒரே நாளில் முடித்தால் பெட்ரோலும் மிச்சம், அரை நாள் வேலையும் மிச்சம்.

கை சுருக்கக் கூடாத இடங்கள்

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விளைந்த தானியத்தை மறு விதையாக்காதீர்கள், விளைச்சல் குறையும். ஃபியூஸ் போன இடத்தில் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மோட்டாரும், சில வேளை உயிரும் போகும். மருந்து வந்த டப்பாவைக் கழுவி வீட்டில் புழங்காதீர்கள். மருந்து தெளிக்கும்போது முகத்துணியும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். மாட்டுக்குத் தடுப்பூசி போடும் நாளைத் தவறவிடாதீர்கள். குழந்தைகளின் படிப்பிலும் கை சுருக்காதீர்கள்.

இன்றே செய்யக் கூடியது

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. உழவுக்கூலி, உரம், வண்டி வாடகை, டீக்கடைக் காசு வரை அன்றன்று எழுதுங்கள். உங்கள் கையால் முடியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். அதற்கும் கணக்குப் பயிற்சியாகும். ஒரு பயிர் அறுவடையானதும் கூட்டிப் பாருங்கள். எந்த வரியில் அதிகம் போயிற்று என்பது தெரியும். அடுத்த பயிருக்கு அந்த ஒரு வரியை மட்டும் குறைக்க முயலுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்ய வேண்டியதில்லை. தகர டப்பாவில் ஒரு கோடு, காலண்டரில் இரண்டு வட்டம், கையில் ஒரு நோட்டு. இம்மூன்றோடு தொடங்குங்கள். உழக்கு மிஞ்சுகிறதா இல்லையா என்பதை அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லும்.