அப்பாயி கேட்க மறுத்த பாட்டு



கழகம் வளர்ந்த வரலாற்றைச் செயலாளர் அவர்கள் விரிவாக எடுத்துரைத்துவிட்டார்கள். அதனையே நாங்களும் பேசுவதாக இருந்தோம். ஆயின் விழாத் தொடக்கத்தில் விடுதி மாணவி ஒருவர் பாடிய பாட்டு எங்களை வேறு திசைக்கு இழுத்துச் சென்றுவிட்டது. தில்லைக்குச் சென்று வர நந்தனார் தம் ஆண்டையிடம் விடை கேட்கும் பாட்டு அது. அப்பாட்டினால் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் ஒரு வழக்கு நடந்தது. அதைச் சொல்லவே அனுமதி வேண்டுகிறோம்.

கொள்ளிடத்திற்குத் தெற்கே, அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சேரியொன்றில் பிறந்தவர்கள் நாங்கள். உடன்பிறந்தோர் நால்வர். ஊர்த்தெருவில் பஞ்சாயத்து வானொலி வைத்திருந்தார்கள். அங்கே சென்று அமர எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் கூம்பு ஒலிபெருக்கிக்குச் சாதி தெரியாது. வாய்க்கால் மதகில் அமர்ந்தால் திருச்சி நிலையத்தின் பாட்டெல்லாம் தெளிவாகக் கேட்கும். தண்டபாணி தேசிகர் 1942இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நடித்தவர். அவர் குரல் வரும்போது எங்கள் தந்தையார் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவார். அதே வேடத்தில் 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த படத்தையும் தாம் கூடாரக் கொட்டகையில் பார்த்ததாகச் சொல்வார். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாட்டே அவர் வாயில் இருக்கும். அவருக்குச் சுருதி நில்லாது; ஆனாலும் பாடுவார்.

வாசலில் அந்தக் குரல் கேட்டதும் எங்கள் அப்பாயி, அதாவது தந்தையாரைப் பெற்றவர், முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார். சிறுவர்களாகிய எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. வேண்டுமென்றே அவர் காதருகே பாடிவிட்டு ஓடியதும் உண்டு. ஒரு நாள் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்: “ஒரே ராத்திரியில நாப்பது வேலியும் விளைஞ்சுதுங்கிறானே, யாருடா நாத்துப் பறிச்சது?”

கதை அவையோர் அறிந்ததே. நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தால் தில்லைக்குப் போகலாம் என்கிறார் வேதியராகிய ஆண்டை. இறையருளால் ஓரிரவில் எல்லாம் விளைந்து நிற்கிறது. அப்பாயிக்கு அருளைப் பற்றி ஐயமில்லை, கணக்கைப் பற்றித்தான் ஐயம். ஒரு மா நடுவதற்கு ஒரு நாளைக்கு ஐந்து பெண்கள் குனிய வேண்டும் என்றார். வேலிக்கு இருபது மா. அண்ணன் பலகையில் போட்டுப் பார்த்தார். எண்ணூறு மாவுக்கு நாலாயிரம் பெண்கள்! நடவுக்கு மட்டுமே அவ்வளவு. நாற்றுப் பறிப்பும் களையெடுப்பும் அறுப்பும் அதில் சேரவில்லை. கூலிக் கணக்கைப் பள்ளிக்கூடத்திற்கு முன்பே நாங்கள் படித்தது இவ்வாறுதான்.

அந்த வேதியர் சேக்கிழார் பாடிய வரலாற்றில் இல்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். பெரிய புராணத்து ஆதனூர் நந்தனார் பறைத்தொழிலுக்கென விட்ட மானிய நிலத்தில் உண்டு வாழ்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். ‘நாளைப் போவேன்’ என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதனால் திருநாளைப்போவார் என்ற பெயர் பெற்றார். ஆண்டையும் அடிமை நிலையும் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் சேர்த்தவை. தம் கண்முன் கண்ட காவிரி நாட்டுப் பண்ணையைத்தான் அவர் எழுதினார் என்று எண்ணுகிறோம். அவ்வகையில் அது பொய்யன்று. அப்பாயியின் மனத்தை அது சுட்டதும் அதனால்தான்.

1930ஐ ஒட்டிய காலம். தந்தையார் பத்து வயதில் பண்ணை மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளியைப் பற்றி யாரோ சேரிக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள். அப்பாயி பிள்ளையை அழைத்துக்கொண்டு களத்துக்குப் போய், எட்ட நின்று, விடை கேட்டார். ஆண்டை மறுக்கவில்லை. “போகட்டும், அறுப்பு முடியட்டும்” என்றார். அறுப்பு முடிந்ததும் உளுந்து எடுக்கட்டும் என்றார். அதன் பின் நடவு வந்தது. இப்படி மூன்று ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் தந்தையார் மேழி பிடிக்கும் உயரம் வளர்ந்துவிட்டார்.

“இல்லேன்னு சொல்லியிருந்தா, புள்ளையத் தூக்கிக்கிட்டு ராவோட ராவா போயிருப்பேன். நாளைக்கின்னுல்ல சொன்னாங்க” என்று அப்பாயி எங்களிடம் சொன்னபோது அடுப்பு அணைந்திருந்தது, அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. (சாதிச் சான்றிதழுக்காக ‘நாளை வா’ என்ற சொல்லைக் கேட்டு வந்த பெற்றோர் இவ்வவையிலும் இருப்பீர்கள்.)

தந்தையார் பக்கமும் நியாயம் உண்டு. “அவன் வாயைத் திறந்து கேட்டானே, அந்தக் காலத்துல அதுவே பெரிசு இல்லையா?” என்பார். கேட்கவும் நா எழாமல் மாண்டவர்கள் எத்தனை பேர் என்பது அவர் எண்ணம். அக்கா இறுதிவரை தந்தையார் கட்சி. நாங்கள் மற்ற மூவரும் அப்பாயி கட்சி. பாட்டின் இனிமையை எவரும் மறுத்ததில்லை. இனிமையாக இருந்ததே அப்பாயிக்கு வழக்கு. கெஞ்சுவது இவ்வளவு அழகாக இருக்கலாமா என்று கேட்பார்.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது ஆளை விலக்கும் அதிகாரத்திற்கு அது ஓரளவு கடிவாளம் இட்டது. மறு ஆண்டு சூன் மாதத்தில், ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த அண்ணனை அழைத்துக்கொண்டு தந்தையார் விடியுமுன் புறப்பட்டார். எவரிடமும் சொல்லவில்லை. அப்பாயியும் உடன் நடந்தார். கொள்ளிடம் நிலையத்தில் ரயிலேறிச் சிதம்பரம் சேர்ந்தார்கள். பள்ளி வாயிலில் பெயர்ப் பலகையை அப்பாயி இருமுறை படிக்கச் சொன்னாராம். “நந்தனாருன்னா போட்டிருக்கு? அதுல ஆண்டை பேரு எங்கயாச்சும் இருக்கா, நல்லாப் பாரு” என்றாராம். அண்ணன் பார்த்துவிட்டு இல்லை என்றார். அதன் பிறகே வெற்றிலையை எடுத்து வாயில் போட்டார்.

மறுநாள் காலை பண்ணைக் காரியக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பையனை யாரைக் கேட்டு அனுப்பினாய் என்று உரக்கக் கேட்டார். தந்தையார் பேசாமல் கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டார். உள்ளிருந்து அப்பாயியின் குரல் வந்தது: “அவன் நேத்தே போயிட்டான்.”

அவ்வாண்டு களத்தில் எங்களுக்கு அளந்த நெல்லில் இரண்டு மரக்கால் குறைந்தது. அடுத்த சூனில் தம்பியும் போனான்.