காத்திருக்கச் சொல்லும் படிவம்

(ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை கணினி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் பிடிஎஃப் வகுப்பு எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் கதையையே சொல்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஓர் உதவித்தொகைப் படிவத்தை அம்மாவின் போனில் டவுன்லோடு செய்தேன். திறந்தால் ஒரே ஒரு பக்கம். தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நெட் சரியில்லை போல என்று காத்திருந்தேன். அம்மா குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே, "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் கடைசித் தேதி. பஸ் ஏறி நேரில் போனேன். "எல்லாரும் அனுப்பிட்டாங்களே, உனக்கு மட்டும் எப்படிம்மா திறக்காம போகும்?" என்றார்கள்.

அந்த 'எல்லாரும்' யார்? வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள். அதைத் திருப்பிக் கேட்கும் துணிச்சல் அன்று எனக்கு இல்லை. உதவித்தொகை போயிற்று. அம்மா தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி ஃபீஸ் கட்டினார். இரண்டு வருடம் நெய்து அந்தக் கடனைக் கழித்தார்.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் லோடு ஆகிக்கொண்டே இருக்கவில்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் அதில் எதுவும் வந்திருக்காது. எக்ஸ்எஃப்ஏ என்று ஒருவகைப் படிவம் உண்டு. வெளியே பிடிஎஃப் உறை, உள்ளே உண்மையான படிவம் எக்ஸ்எம்எல்லில் இருக்கும். உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரியாத மென்பொருள் உறையில் எழுதியிருப்பதை மட்டும் காட்டும். போனில் உள்ள அடோபி ரீடர்கூட இதைத் திறக்காது. பாஸ்போர்ட் விண்ணப்பமும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் படிவங்களும் பல ஆண்டுகள் இந்த வகையில்தான் இருந்தன. 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரமே இதை ஒதுக்கிவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவு பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் கல்வி நலனை வளர்க்க வேண்டும் என்கிறது. அது நம் வீட்டுக்கு வந்து சேர்வது இப்படி ஒரு படிவமாகத்தான். அதனால்தான் தோழர், இந்த வகுப்பு.

இனி வேலைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறங்கள். 2021இல் வந்த 93ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸும் இவற்றில் பலவற்றைத் திறக்கிறது. பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் இருக்கும் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வரும் கோப்பு எந்த போனிலும் திறக்கும். நிரப்பாமலே ஒன்று இப்படி எடுத்து தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிரிண்ட் எடுத்துப் பேனாவால் நிரப்பலாம்.

மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். சில தளங்கள் அதைத்தான் அப்லோடு செய்யச் சொல்லும். மாற்றிய கோப்பில் டிஜிட்டல் கையெழுத்து செல்லாது. திரையை போட்டோ எடுத்து அனுப்புவதும் வேண்டாம். பார்வையற்ற தோழரின் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். 'எல்லாரும்' என்று நாமும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? இலவசமாக மாற்றித் தருகிறோம் என்னும் இணையதளங்களில் ஆதார் எண்ணும் சாதிச் சான்றிதழ் எண்ணும் உள்ள படிவத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. மின் ஆளுமைக்குத் திறந்த தரங்களையே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2010லேயே கொள்கை வெளியிட்டது. திறக்காத படிவம் அரசு அலுவலகத்திலிருந்து வந்தால் மாற்றிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், அந்தக் கொள்கையைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். மாதிரி மனு நான் கொண்டு வந்திருக்கிறேன்.

சரி, காத்திருக்கச் சொல்லும் கோப்பு யார் போனில் இருக்கிறது? கொடுங்கள், முதலில் அதைத் திறப்போம்.