அடித்தால்தான் கொடுமையா?



"புருஷன் அடிக்கிறானா? இல்லையே! பிறகு என்ன கொடுமை?" ஊரில் பல பேர் இப்படிக் கேட்பார்கள். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. ஒரு பெண்ணின் வழக்கைக் கேளுங்கள்.

வழக்கு ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. பெண் நன்றாகப் படித்தவர். கணவர் டாக்டர். 1982 டிசம்பரில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே உறவு கசந்தது. புகுந்த வீட்டில் பணம் கேட்கிறார்கள் என்பது பெண்ணின் புகார். 1983-இல் கணவர் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோர் சில ஆயிரம் ரூபாய் கேட்டதில் தப்பில்லை, அது எங்கும் நடப்பதுதான் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதம் கோர்ட்டில் சாட்சியமாக வந்தது.

கீழ்க் கோர்ட்டில் விவாகரத்து கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றத்திலும் கிடைக்கவில்லை. பெண்தான் இல்லாததைக் கற்பனை செய்கிறார் என்று சொன்னார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். 1987-இல் தீர்ப்பு வந்தது. வரதட்சிணை கேட்பது சட்டப்படி குற்றம். அதைக் கேட்டு வருத்துவது கொடுமை. வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பெண்ணுக்கு விவாகரத்து கிடைத்தது.

இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். புத்தர், சமணர், சீக்கியர்களுக்கும் இதே சட்டம்தான். முதலில், கொடுமை என்று சொன்னால் பிரிந்து வாழ மட்டுமே உத்தரவு கிடைக்கும். 1976-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அன்று முதல் கொடுமைக்காக விவாகரத்தே கேட்கலாம். மனைவியும் கேட்கலாம், கணவரும் கேட்கலாம்.

உடம்பை வருத்துவது கொடுமை. மனத்தை வருத்துவதும் கொடுமை. நடத்தையைப் பற்றிப் பொய்ப் பழி சுமத்துவதைக் கொடுமை என்று நீதிமன்றங்கள் சொல்லியுள்ளன. ஆனால் வீட்டுக்கு வீடு வாசற்படி. குழம்பில் உப்பு இல்லை என்று வரும் சண்டையெல்லாம் கொடுமை ஆகாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்குத் துன்பம் இருக்க வேண்டும்.

"நாலு சுவருக்குள் நடந்ததற்கு யார் சாட்சி?" என்று பயப்பட வேண்டாம். கொலை வழக்கைப் போல் சந்தேகம் துளியும் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடியது என்றுதான் கோர்ட் பார்க்கும். இதை உச்ச நீதிமன்றம் 1975-இலேயே சொன்னது. ஆகவே கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் கொடுத்த ரசீது, கைப்பேசியில் வந்த செய்தி எதையும் தூக்கிப் போடக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. எழுதியதைப் படித்த பிறகே கையெழுத்து.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பிறகே பொதுவாக மனு போடலாம். மனைவி தான் இப்போது இருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே போடலாம். 2003-இல் வந்த வசதி இது. வழக்கு நடக்கும்போதே ஜீவனாம்சம் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வழக்குப் போடுவதா, பேசித் தீர்ப்பதா? அது அவரவர் முடிவு. ஆனால் ஒரு பெண் அழுதுகொண்டு வந்து நின்றால், "அடித்தானா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். "என்ன நடந்தது, சொல்லம்மா" என்று கேளுங்கள்.